டெல்டாவின் சின்ன அருங்காட்சியகங்களுக்கு ஒரு கூட்டமைப்பு: எதற்கு?

3 பிப்ரவரி 2026: சீர்காழிப் பக்கத்து ஆசிரியர் ஒருவரின் கேள்வி

"எங்கள் பள்ளியில் ஓர் அறையை ஒதுக்கி நெல் அளக்கும் மரக்கால், தண்ணீர் இறைக்கும் இறைகூடை, ஓலைச்சுவடிக் கட்டுகள், கொஞ்சம் சுடுமண் சாமான், பழைய காசு என்று வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்து வைத்திருக்கிறது. செய்தி, பயிற்சி, இரவல் பொருள் எல்லாம் அவர்களுக்குப் போகிறது. நம் பக்கம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார் என்று இத்தனை இருந்தும் ஒன்றுக்கொன்று பேச்சே இல்லை. ஒரு கூட்டமைப்பு வந்துவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு விடிவு பிறக்கும் என்பது என் கருத்து."

3 பிப்ரவரி, இரவு: என் பதில்

விடிவு பிறக்காது சார். கூட்டமைப்பு என்றதும் நம் ஊரில் முதலில் அச்சாவது லெட்டர்பேடு. அடுத்தது தலைவர், செயலாளர், பொருளாளர். அப்புறம் பொருளாளர் மேல் சந்தேகம்.

ஸ்மித்சோனியன் கூட்டாளித் திட்டம் 1996-இல் தொடங்கியது. சேருகிறவர்கள் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். பொருளை இரவல் வாங்க வேண்டுமானால் காவல், தீ எச்சரிக்கை, அறையின் ஈரப்பதம் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்ட வேண்டும். அந்த வலையின் நடுவில் அள்ளிக் கொடுக்க இருக்கிற ஒரு பெரிய வீடு உட்கார்ந்திருக்கிறது. இங்கே அந்த வீடு எது? தஞ்சை அரண்மனைக் கலைக்கூடமா? திருவெண்காட்டு ரிஷபவாகனரை, 1011-இல் வார்த்த சிலையை, உங்கள் பள்ளி அறைக்கு இரவல் தருவார்களா? தரக் கூடாது என்றுதான் நானே சொல்வேன்.

5 பிப்ரவரி

முந்தாநாள் எழுதியதை மறுபடி படித்தேன். கொஞ்சம் சுருக்கென்று இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அதே ஸ்மித்சோனியனிலிருந்து போன மாதக் கடைசியில் வந்த செய்தியை இங்கே யாரும் எடுக்கவில்லையே.

அவர்களுடைய ஆசியக் கலை அருங்காட்சியகம் மூன்று செப்புத் திருமேனிகளை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்திருக்கிறது. அதில் இரண்டு நம் ஊர்ச் சாமி. நடராசர், திருத்துறைப்பூண்டி பவஔஷதீஸ்வரர் கோயில். சோமாஸ்கந்தர், மன்னார்குடி வட்டம் ஆலத்தூர் விசுவநாதர் கோயில். மூன்றாவது, கள்ளக்குறிச்சிப் பக்கம் வீரசோழபுரத்துச் சுந்தரர், மனைவி பரவையோடு. எப்படித் தெரிந்தது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் 1956-லிருந்து 1959-க்குள் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். நடராசர் படம் 1957-இல் எடுத்தது. கோயிலில் நின்ற சாமி, அருங்காட்சியகம் அதை வாங்கிய நியூயார்க் கடைக்கு எப்படிப் போனது என்பதற்குக் காகிதம் சரியில்லை. கோயிலில் இருந்தது என்பதற்குப் படம் இருக்கிறது. அவ்வளவுதான் வழக்கு.

இதில் ஒரு வேடிக்கை. நடராசரை நீண்டகால இரவலாக அங்கேயே வைத்துக்கொள்ள இந்தியாவோடு ஒப்பந்தம். இத்தனை வருஷம் கூட்டாளிகளுக்கு இரவல் கொடுத்த வீடு, இப்போது திருத்துறைப்பூண்டி சாமியை இரவல் வாங்கியிருக்கிறது. சார், நீங்கள் கேட்ட "இரவல் பொருள்" இப்படியும் நடக்கும்.

5 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

சொல்ல வந்தது இதுதான், மேலே தெளிவாக வரவில்லை. டெல்டாவுக்குக் கூட்டமைப்பு வேண்டுமென்றால் அதன் முதல் வேலை செய்திமடலோ கண்காட்சியோ அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் படம், அளவு, அடையாளம். அதன் நகல் இன்னொரு ஊரில். இதைச் செய்ய மூன்று ஊர் போதும், லெட்டர்பேடு வேண்டாம்.

6 பிப்ரவரி

"அது கோயில் சிலை விவகாரம், அருங்காட்சியகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்ட தம்பிக்கு:

அனந்தமங்கலம், பொறையாறு பக்கம். ராமர், சீதை, லட்சுமணர் 1978-இல் திருடு போனார்கள். 2020-இல் லண்டனிலிருந்து திரும்பினார்கள். 1958-இல் எடுத்த படம்தான் சாட்சி. ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துத் திருமங்கையாழ்வாரும் அப்படியே. அவர்கள் 1967-இல் ஏலத்தில் வாங்கியது. 1957 படத்தில் சாமி கோயிலில் நிற்கிறார். ஓர் ஆய்வாளர் சுட்டிக்காட்டியதும் அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்கு எழுதியது. 2024-இல் பல்கலைக்கழகம் திருப்பித் தரச் சம்மதித்தது.

சரி, அருங்காட்சியகத்துக்குள்ளேயே களவு போனதற்கு வருகிறேன். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்து அருங்காட்சியகத்திலிருந்து 2005-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு காணாமல் போனது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்டது, 1715. உள்ளே சரபோஜி மன்னர் கையெழுத்து. 2022-இல் லண்டனில் ஒரு சேகரிப்பின் இணையப் பக்கத்தில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு அதைக் கண்டுபிடித்தது. கையெழுத்து இருந்ததால் அடையாளம் சொல்ல முடிந்தது. உங்கள் மரக்காலில் யார் கையெழுத்து இருக்கிறது?

8 பிப்ரவரி

மரக்காலில் கையெழுத்து இருக்கிறது சார். பார்க்கத் தெரிய வேண்டும்.

நான் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன அருங்காட்சியகத்தில் பதிவேடு எழுதுகிறவன். எங்களிடம் பழைய பதிவேட்டில் "மரக்கால் – 1, மரம், பழையது" என்று ஒரு வரி. இதைக் கொண்டுபோய்ப் போலீசில் கொடுத்தால் எஸ்.ஐ. சிரிப்பார். தஞ்சாவூர் ஜில்லா முழுக்க எல்லா மரக்காலும் மரம், பழையது. அதையே கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால் வேறு கதை. விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது, நெல்லைத் தலைதட்டி அளந்த கை எப்போதும் ஒரே பக்கமாக இழுத்திருக்கிறது. இரும்புப் பட்டையில் மூன்று ஆணி பழசு, ஒன்று புதுசு, புதுசின் தலை மட்டும் சதுரம். அடியில் விரிசல், அதில் அரக்கு அடைத்த தடம். இதுதான் அதன் முகம். இந்த மூன்றையும் எழுதி, படம் எடுத்து, வாய் விட்டம், உயரம், எடை போட்டால் உலகத்தில் எந்தக் கடையில் இருந்தாலும் "இது எங்களுடையது" என்று கை வைக்கலாம்.

இதற்கு ஆப்ஜெக்ட் ஐடி என்று சர்வதேச வழக்கம் ஒன்று உண்டு, 1997-இல் வந்தது. களவுபோன பொருளைத் தேட எந்தெந்த விவரம் வேண்டும் என்று போலீஸ், சுங்கம், காப்பீடு, அருங்காட்சியகம் எல்லாரையும் கேட்டுச் சுருக்கியது. பொருளின் வகை, செய்பொருளும் செய்முறையும், அளவு, எழுத்தும் முத்திரையும், தனி அடையாளம், தலைப்பு, உருவம், காலம், செய்தவர். கூடவே படம். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஐகாம், அதாவது 1946-இல் தொடங்கிய உலக அருங்காட்சியகக் கூட்டமைப்பு, இதை இலவசமாகவே வைத்திருக்கிறது.

பொருளின் மேல் எண் எழுதுவது பற்றி. ஸ்கெட்ச் பேனாவால் நேரே எழுதாதீர்கள். நெயில் பாலிஷும் வேண்டாம், சில வருஷத்தில் மஞ்சளாகி உரியும். அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற நிறமற்ற பிசின் ஒரு பூச்சு, காய்ந்ததும் அதன் மேல் சின்னதாக எண், அதன் மேல் இன்னொரு பூச்சு. நாளைக்கு வேண்டாமென்றால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம். உலோகம், கெட்டியான சுடுமண், மெருகு பூசாத மரம் என்றால் சரி. ஓலை, துணி, கூடைக்கு இது ஆகாது. சீட்டு எழுதி நூலில் கட்டுங்கள்.

9 பிப்ரவரி

பேனா எது என்று தனியாகக் கேட்டவருக்கு: நிறமி மை. தண்ணீர் பட்டால் ஓடுகிற மை வேண்டாம்.

11 பிப்ரவரி

பயிற்சி பற்றி இப்போது. சார் கேட்ட இரண்டாவது விஷயம்.

முன்பு ஒரு பெரிய நிறுவனம் நடத்திய முகாமுக்குப் போனேன், பெயர் வேண்டாம். ஏ.சி. அரங்கம், நல்ல சாப்பாடு, கோப்பில் சான்றிதழ். "காட்சி அறையில் ஈரப்பதம் 50 சதவீதம், ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம்" என்று திரையில் போட்டார்கள். எங்கள் கிடங்கு ஓட்டு வீடு. ஐப்பசியில் சுவரே வியர்க்கும். கையைத் தூக்கிக் கேட்டேன். "ஏ.சி. போடுங்கள்" என்றார். கரண்ட்டு யார் தருவார் என்று கேட்பதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிட்டது.

அந்த 50 சதவீதம் குளிர்நாட்டுக் கணக்கு. 2014-இலேயே உலக அளவில் பழம்பொருள் பாதுகாப்பாளர் அமைப்புகள் இரண்டு சேர்ந்து, அந்தந்த ஊர்த் தட்பவெப்பத்தில் எட்டக்கூடிய அளவே போதும் என்று அறிவித்துவிட்டன. இது நம் ஊர் முகாம் வரைக்கும் இறங்கவில்லை. பகலில் ஏ.சி. போட்டு ராத்திரி அணைத்தால் ஈரம் ஏறி இறங்கும், அது ஒரே நிலையில் இருக்கும் ஈரத்தைவிடக் கெடுதல். இரண்டு பக்க ஜன்னல், தரையிலிருந்து அரை அடி தூக்கிய அலமாரி, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி. எங்கள் ஓட்டு வீட்டுக்கு இதுதான் உதவியது.

உலோகத்துக்கு மட்டும் இந்தச் சமாதானம் செல்லாது. செம்பு, வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி பூத்தால் அது வெண்கல நோய். மண்ணுக்குள் கிடந்தபோது ஏறிய குளோரைடு உப்பு, ஈரமும் காற்றும் பட்டதும் வேலையைத் தொடங்கும். அடர்பச்சையாக, வழவழப்பாக, விரல் வைத்தால் ஒட்டாமல் இருக்கிற பாசிநிறம் வேறு; அது பொருளுக்குக் காவல், தொடாதீர்கள். பொடியாக உதிர்ந்தால்தான் கவலை. 42 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் அடங்கிக் கிடக்கும் என்பது வழக்கமான கணக்கு. நாகப்பட்டினம், பூம்புகார் கடற்காற்றில் அறை முழுவதையும் அப்படி வைக்க முடியாது, ஆனால் ஒரு டப்பாவை வைக்கலாம். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். அவ்வளவுதான் செலவு.

முற்றிப்போனால் நாம் கை வைக்கக் கூடாது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லிருந்து ரசாயனப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது. பரமசிவன் என்ற வேதியியலாளர் வெண்கலங்களை மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்யத் தொடங்கிய இடம். கடிதம் போட்டுக் கேளுங்கள்.

12 பிப்ரவரி

வெண்கலத்துக்குப் புளி போடலாமா என்று கேட்டவருக்கு: ரசத்தில் போடுங்கள்.

விபூதியும் வேண்டாம். வீட்டுக் குத்துவிளக்கு வேறு, மண்ணிலிருந்து வந்த பொருள் வேறு.

15 பிப்ரவரி

சம்பா அறுவடை, ஊரே களத்தில் கிடக்கிறது, நானும் இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. இதற்குள் ஓலைச்சுவடி பற்றி ஆளுக்கொன்று எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள் பூசுவது, மண்ணெண்ணெய் தெளிப்பது, வெயிலில் காய வைப்பது. மண்ணெண்ணெயா? சாமி!

சரஸ்வதி மகாலில் வழிவழியாக வருவது பொட்டலம். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்த பொடியோடு சூடம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளின் நடுவே வைப்பது. பூச்சி வருவதைத் தடுக்கும். உள்ளே வந்துவிட்ட பூச்சியை விரட்டுமா என்றால் எனக்கு நம்பிக்கையில்லை. வாசனை போனதும் மாற்ற வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்கள் அலமாரியில் எப்போதோ வைத்த ஒரு முடிச்சில் வண்டே குடியிருந்தது.

காய்ந்து ஒடிகிற ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய். முதலில் மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டி, பஞ்சில் எண்ணெய் தொட்டு ஓலையின் நீளவாக்கில் தடவி, நிழலில் உலர்த்தி, பிறகு கட்டு. ஓலையில் வண்ணம் தீட்டியிருந்தால் வேண்டாம். கரித்துகள் உதிர்ந்து எழுத்து மங்கியிருந்தால் முதலில் படம், அப்புறம்தான் எண்ணெய். வெயில் எப்போதும் வேண்டாம். கட்டும் நூலை இறுக்காதீர்கள், துளை கிழிவது பெரும்பாலும் அங்கேதான்.

16 பிப்ரவரி

கிடங்கு அடுக்குவதற்கு ரோமில் இருக்கிற ஐக்ரோம் அமைப்பு ரீ-ஆர்க் என்று ஒரு முறை வைத்திருக்கிறது, சின்ன அருங்காட்சியகங்களுக்கென்றே செய்தது, இலவசம். அதில் எனக்குப் பிடித்த இரண்டு சோதனை: எந்தப் பொருளையும் மூன்று நிமிடத்துக்குள் இருக்குமிடம் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றை எடுக்க இரண்டுக்கு மேல் நகர்த்தக் கூடாது. எங்கள் கிடங்கில் முயன்றோம். மூன்று நிமிடத்தில் சாவியே கிடைக்கவில்லை.

19 பிப்ரவரி

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினால் சிலை வருகிறது, பள்ளி அருங்காட்சியகத்தில் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்குப் பலர் "வைத்துக்கொள்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்துபோனேன். கூடாது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணிலிருந்து வந்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் வி.ஏ.ஓ., தாசில்தார் வழியாகப் போகும். சீர்காழி சட்டைநாதர் கோயிலில் 2023-இல் யாகசாலைக்குத் தோண்டியபோது செப்புத் திருமேனிகளும் தேவாரம் எழுதிய 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வந்ததே, அப்போது கோயிலிலேயே இருக்கட்டும் என்றும் அரசு எடுக்கட்டும் என்றும் எழுந்த வாக்குவாதம் உங்கள் ஊர்க்காரர்களுக்கே தெரியும்.

தொல்பொருள், கலைப்பொக்கிஷங்களுக்கான 1972 சட்டம் தனி. நூறு வருஷம் தாண்டியது தொல்பொருள். அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிக்கு 75 வருஷம் போதும். சுவடியை யாராவது "வெளிநாட்டில் ஸ்கேன் செய்து தருகிறோம்" என்று கேட்டால் வாசலிலேயே வழியனுப்பிவிடுங்கள்.

22 பிப்ரவரி

தரங்கம்பாடி போயிருந்தேன். கோட்டைச் சுவரில் உப்பு பொரிந்து நிற்கிறது, அதையும் படம் எடுத்துக்கொண்டேன். 1620-இல் டேனிஷ்காரர் கட்டிய டான்ஸ்போர்க். இங்கே நம் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம், தெருக்கோடியில் சீகன்பால்கு வாழ்ந்த வீட்டில் இன்னொன்று. டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் பல வருஷம் இந்த ஊரில் ஆய்வும் சீரமைப்பும் செய்தது. சீகன்பால்கு வீட்டுக்கு ஜெர்மனி ஹாலே நகரத்துப் பிராங்கே அறநிலையம் துணை நின்றது.

கூட்டாளி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று திரும்பி வரும்போது பேருந்தில் நினைத்தேன். கட்டடம் இங்கே, கணக்குப் புத்தகமும் வரைபடமும் கோபன்ஹேகனில். மிஷனரிகள் எழுதிய கடிதங்கள் ஹாலேயில், அவர்கள் கட்டிய தேவாலயம் இங்கே. இரண்டு பேரிடமும் பாதிப் பாதி இருக்கிறது. பணக்கார வீடும் ஏழை வீடும் உறவாடுவதாக நான் முதல் நாள் பேசினேன், அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

23 பிப்ரவரி

கஜா புயலை மறந்துவிட்டோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே. அன்று ஓடு பறந்த கட்டடத்தில் பதிவேடும் பொருளும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் நனையும். எங்கள் பதிவேட்டின் நகல் அதனால்தான் மன்னார்குடியில் ஒரு நண்பர் வீட்டில் இருக்கிறது, அவர்களுடையது எங்களிடம். கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னொரு கடற்கரை ஊரோடு மாற்றிக்கொள்ளாதீர்கள். உள்ளே வாருங்கள், கும்பகோணமோ மன்னார்குடியோ.

25 பிப்ரவரி

செய்திமடல் வேண்டாம் என்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். மன்னார்குடி அக்கா எழுதியதால். அவர்கள் பக்கத்தில் ஒருவர் கார் போட்டுக்கொண்டு ஊர் ஊராக வந்து, "ஆய்வு செய்கிறேன்" என்று சுவடிக் கட்டுகளை வாங்கிப் போயிருக்கிறார். ரசீது கிடையாது. அதே மாதிரி ஓர் ஆள் எங்கள் ஊருக்கும் முன்னமே வந்துபோனார். நாங்கள் கொடுக்கவில்லை, ஆனால் யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால் அந்தச் சுவடி போயிருக்காது. ஆக, செய்தி வேண்டும். திறப்பு விழாப் படம், பொன்னாடை, "சிறப்புரை ஆற்றினார்" வேண்டாம். யார் வந்தார், எதைக் கேட்டார், எந்தக் கடையில் சிலிகா ஜெல் கலப்படமில்லாமல் கிடைக்கிறது, எழும்பூருக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் வந்ததா. வாட்ஸ்அப் குழு போதும். காலை வணக்கம் போடுகிறவரை நீக்கிவிடலாம்.

சார், தலைவர் பதவி யாருக்கு என்று கேட்டிருந்தீர்கள். குழுவுக்கு அட்மின் போதும்.

26 பிப்ரவரி

மாசி மகம் முடிந்ததும் கும்பகோணத்தில் கூடலாம் என்று நாலைந்து பேர் சம்மதித்திருக்கிறார்கள். அவரவர் பதிவேட்டின் நகலைப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள், கூடவே அச்சுப்படி ஒன்று. பென்டிரைவ் மட்டும் என்றால் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

28 பிப்ரவரி

சார் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். இறைகூடை நன்றாக வந்திருக்கிறது. மரக்கால் ஃபிளாஷில் வெளுத்துவிட்டது. வாசலில், நிழலில் வைத்து எடுங்கள். பின்னால் பூப்போட்ட போர்வை வேண்டாம், வெள்ளைத் துணி. பொருளை ஒட்டி ஸ்கேல் இருக்க வேண்டும், ஒரு ரூபாய்க் காசு வைத்தால் எந்த வருஷத்துக் காசு என்று அடுத்தவன் தேடுவான். சுவடிக்கு மேல்பலகை, முதல் ஓலை, கடைசி ஓலை, பக்கவாட்டு என்று நாலு படம். சுடுமண் பானை ஓட்டுக்கு உள்பக்கமும் வேண்டும்.

காசுகளில் இரண்டில் பச்சைப் பொடி தெரிகிறது. அவற்றை மட்டும் இன்றைக்கே தனி டப்பாவில் போட்டு மூடுங்கள். சிலிகா ஜெல் நீல நிறத்தது வாங்கியிருந்தால் வெறுங்கையால் அள்ளாதீர்கள், பிள்ளைகள் கைக்கும் எட்ட வேண்டாம், அதில் கோபால்ட் இருக்கிறது. இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். கடையில் ஆரஞ்சு நிறத்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.